மாலினோவ்ஸ்கி என்ற குடும்பப்பெயர்: யாரைச் சேர்க்கலாம்?

கேள்வி (சுங்கை சிப்புட்): தமிழ்ப்பள்ளிப் புதிர்ப்போட்டிக்கு இந்தப் போலந்துப் பெயரை எடுத்திருக்கிறோம். முக்கியமானவர்கள் யார்? எல்லாரும் உறவா?

பதில் 1: எர்னஸ்ட் (1818–1899) கட்டாயம் வேண்டும், அண்ணே. பெருவின் ஆண்டிஸ் ரயில்பாதைப் பொறியாளர். 1870இல் வேலை தொடங்கியது. பாதை 4,700 மீட்டருக்கு மேல் ஏறும்; செங்குத்துச் சரிவில் ரயில் முன்னும் பின்னுமாகத் திசை மாற்றி ஏறும். 2006இல் திபெத் பாதை வரும்வரை உலகிலேயே உயரமானது. அருமையான கேள்வியாகும்!

பதில் 2: புரோனிஸ்வாவ் என்று இருவர், அங்கேதான் மாணவர்கள் குழம்புவார்கள். மானிடவியலாளர் (1884–1942) பப்புவா நியூ கினியின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் ஆய்வு செய்தவர். ஓட்டக்காரர் (1951–1981) 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் தடை ஓட்டத் தங்கம் வென்றவர். கேள்வியில் ஆண்டைப் போடுங்கள்.

பதில் 3: பெயர் ஒன்று என்பதால் உறவு என்று எழுதிவிடாதீர்கள். போலந்து மொழியில் பெண்களுக்கு இந்தப் பெயர் மாலினோவ்ஸ்கா என்று மாறும்; பெண்களைத் தேடினால் அப்படித் தேடணும்.