சிஓஇ முடியப் போகிறது: அடுத்த தலைமுறைப் பெரிய அட்வெஞ்சர் பைக்குக்குக் காத்திருக்கலாமா?

குட்டைக்கால் ரைடர்:

வணக்கம் அண்ணன்மாரே. என் வண்டி ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின், 998 சிசி, டிசிடி கியர் (கிளச் லீவர் இல்லாமல் தானாக மாறுவது), 2017 பதிவு. சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் வண்டியைப் பத்து வருடம் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ், முடிய இன்னும் கொஞ்ச மாதங்கள்தான். என் உயரம் 165 செ.மீ. வண்டி 242 கிலோ, அதுவும் பெட்டிகளைச் சேர்க்காமல்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. எங்கள் புளோக்கை ஒட்டிய பல மாடி கார்ப்பேட்டையில் இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாவதுக்கு ஏறும் வளைவு. மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மேலிருந்து ஒரு கார் இறங்கியது, நான் நின்றேன். இடது காலை ஊன்றினால் ஊன்ற வேண்டிய இடத்தில் தரை இல்லை. சரிவில் இன்னும் ஒரு சாண் கீழே இருக்கிறது! எருமை குளத்தில் படுப்பதுபோல வண்டி நிதானமாகப் படுத்துக்கொண்டது. கார்க்காரர் இறங்கி வந்து ஒரு பக்கம் பிடித்தார், இருவருமாகத் தூக்கி நிறுத்தினோம். கைக்காப்பில் விரிசல், இடப்பக்கப் பெட்டியின் மூலை நசுங்கல். வீட்டில் "தூணில் உரசிவிட்டது" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது கேள்வி. சிஓஇ-யைப் புதுப்பிப்பதா, அடுத்த தலைமுறை வண்டிகளுக்காகக் காத்திருப்பதா? என் கணிப்பு, இனிமேல் போட்டி குதிரைசக்தியில் இருக்காது, எடையிலும் உயரத்திலும்தான் இருக்கும். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ. 2023-ல் வந்த 1300 ஜிஎஸ் 237. கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில் தள்ளி, பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றி, சட்டகத்தையும் புதிதாகச் செய்து குறைத்தார்கள். நிற்கும்போது தானாகத் தாழ்கிற வித்தையை 2021-ல் ஹார்லியின் பான் அமெரிக்கா கொண்டுவந்தது, பிறகு பிஎம்டபிள்யூ, டுகாட்டி இரண்டும் பிடித்துக்கொண்டன. இதே போக்கில் போனால் அடுத்த சுற்று 220 கிலோவுக்கு வந்துவிடாதா?

ஊபி ஸ்பேனர்:

தம்பி, முதலில் கால் நன்றாக இருக்கிறதா? பெட்டியை அப்புறம் பார்க்கலாம்.

12 கிலோ குறைத்தது உண்மை. மறுவருடமே 30 லிட்டர் டேங்க்கோடு அதே வண்டியின் அட்வெஞ்சர் வகை 269 கிலோவில் வந்ததைச் சொல்லாமல் விட்டீர்களே! ஒரு பக்கம் இளைக்க வைப்பார்கள், இன்னொரு பக்கம் முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி பார்க்கும் ரேடார், சூடாகும் இருக்கை, பெரிய திரை என்று ஊட்டிவிடுவார்கள். 220 எனக்குக் கனவாகத்தான் படுகிறது.

நான் பார்க்கிற மாற்றம் கியரில். உங்கள் டிசிடி-யில் இரண்டு கிளச். அதே வண்டியின் சாதாரண கியர் வகை 232 கிலோ, அந்த வசதிக்கு மட்டும் பத்துக் கிலோ. பிஎம்டபிள்யூ 1300-இல் வழக்கமான கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டு, கிளச்சை அழுத்த ஒரு சின்ன மோட்டார், கியர் மாற்ற ஒன்று, அவ்வளவுதான். யமஹாவும் கேடிஎம்மும் இதே வழியில் வந்துவிட்டன. அடுத்த தலைமுறையில் கிளச் லீவர் இல்லாத பெரிய வண்டி சாதாரணமாகிவிடும். ஆனால் பத்து வருடம் நம் ஊர் மழையிலும் ஈரக்காற்றிலும் நின்ற பிறகு அந்தத் தாழ்கிற சஸ்பென்ஷனைப் பிரித்துப் பார்க்கப் போகிறவன் நான். எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

ஒன்று கேட்கிறேன், வளைவில் நின்றபோது பின் பிரேக்கில் கால் இருந்ததா? கிளச் லீவர் இல்லாத வண்டியில் மெதுவாக ஏறும்போது பின் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கேஸ் கொடுக்க வேண்டும்.

பெத்தோங் பைத்தியம்:

எடை எடை என்று அழாதீர்கள் அண்ணே. மலேசியாவின் நார்த் சவுத் ஹைவேயில் லாரி உரசிக்கொண்டு போகும்போது அந்த எடைதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

எனக்கு ஆவல் ஹோண்டாவின் மூன்று சிலிண்டர் வி3 எஞ்சின் மேல்தான். 2024-ல் மிலான் கண்காட்சியில் காட்டினார்கள். காற்றை அழுத்தித் தள்ள மின்சார கம்ப்ரஸர். எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அது காத்திருக்காது, கேட்டவுடன் தள்ளும். மறு வருடம் 900 சிசி மாதிரி வண்டி ஒன்றையும் காட்டி, 1200-க்கு இணையான ஆற்றல் என்றார்கள். அது தெரு வண்டிதான். ஆனால் அந்த எஞ்சின் ஓர் ஆப்பிரிக்கா ட்வினில் உட்கார்ந்தால்? மூன்று பெட்டியும் பின்னால் மனைவியுமாக கேமரன் மலை ஏறுகிறவனுக்குத் தேவை அடிவேக இழுவைதானே. என் ஆசையைச் சொல்கிறேன், செய்தி இல்லை.

ரேடார் வேண்டுமா என்றால், ஈப்போ வரை சுகம். உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியின் மோட்டார்சைக்கிள் தடத்தில் அதற்கு என்ன வேலை? அங்கே பெட்டியின் அகலம்தான் பிரச்சினை. முதலில் அதைக் குறைக்கச் சொல்லுங்கள்.

2ஏ தம்பி:

நான் இன்னும் பெரிய வண்டிக்கான கிளாஸ் 2 உரிமம் எடுக்கவில்லை, கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். ஓஎம்வி, அதாவது வரிகளுக்கு முன் வண்டியின் இறக்குமதி மதிப்பு, 18,000 வெள்ளி என்று வையுங்கள். ஏஆர்எஃப் என்கிற கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 5,000-க்கு 15%, அடுத்த 5,000-க்கு 50%, மிச்சத்துக்கு 100%. ஆக 11,250 வெள்ளி. அதற்கு மேல் சிஓஇ, சுங்கவரி, ஜிஎஸ்டி. அலுமினியம், மக்னீசியம் என்று கிலோ குறையக் குறைய ஓஎம்வி ஏறும், ஏறுகிற ஒவ்வொரு வெள்ளிக்கும் இங்கே இன்னொரு வெள்ளி. ஜெர்மனிக்காரன் இளைத்தால் நம் பர்ஸும் இளைக்கிறது.

குட்டைக்கால் ரைடர்:

தம்பி வயிற்றில் அடித்துவிட்டான்.

ஊபி அண்ணே, பின் பிரேக்கில் கால் இல்லை. நின்ற பயத்தில் இரண்டு காலையும் கீழே விட்டுவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

ஐந்து வருடம் மட்டும் புதுப்பிக்கலாம் என்று தோன்றுகிறது. சிஓஇ விலையின் மூன்று மாதச் சராசரியில் பாதிதான் கட்டணம். ஆனால் அதன் பிறகு மறுபடி நீட்ட முடியாது, வண்டியைக் கழித்துவிட வேண்டியதுதான். பரவாயில்லை, அதற்குள் வி3 வருகிறதா, 220 கிலோ வருகிறதா என்று தெரிந்துவிடும். இருக்கையின் பஞ்சை இரண்டு செ.மீ. சீவச் சொல்லியிருக்கிறேன். வண்டியும் இப்போது தரைத்தளத்தில்தான் நிற்கிறது.

பெட்டி மூலையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், நிமிரவில்லை. சனிக்கிழமை கடை திறந்திருக்குமா அண்ணே? கூட வீட்டுக்காரியும் வருவாள். தூண் கதையையே அங்கேயும் சொல்லுங்கள்.