காத்தாடி (காற்றாலை) சைட் சூப்பர்வைசர்களுக்கு மது, போதைப் பரிசோதனைப் பயிற்சி: எங்க தொடங்க?

ராதாபுரம்_சேஃப்டி:
காத்து சீசனுக்கு முன்னால எட்டு சூப்பர்வைசருக்கு அரை நாள் பயிற்சி கொடுக்கணும். கோபுரம் ஏறுறவங்களை ஊதச் சொல்லுதாங்க, ஆனா மீட்டர்ல ஏதாவது காட்டினா ஆளுக்கொரு முடிவு எடுக்காங்க. சிறுநீர் சோதனையும் வரப்போகுது. எதை முதல்ல சொல்லணும்?

தலையூத்து_ஷிப்ட்:
மீட்டரோட அலகுதான் முதல்ல அண்ணாச்சி. ஒரே ஆள் ஊதினா ஒரு மீட்டர் 30னும் இன்னொண்ணு 0.14னும் காட்டும். ரெண்டும் சரிதான். முன்னது 100 மில்லி ரத்தத்துக்கு மில்லிகிராம், பின்னது ஒரு லிட்டர் மூச்சுக்காத்துக்கு. 0.14ஐப் பார்த்து "கொஞ்சம்தான்"னு ஏத்திவிட்டுருவாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவுல வண்டி ஓட்டவே வரம்பு 30தான். 80 மீட்டர் ஏணிக்குப் பூஜ்யம்னு கம்பெனி விதியில எழுதி வாங்கிருங்க.

அடுத்தது அந்த 15 நிமிஷம். "பதநீர்தான் குடிச்சேன்"னு ஒருத்தர் சொல்லுவார். சுண்ணாம்பு பத்தாத கலயம்னா புளிச்சிருக்கவும் செய்யும். வாய் கொப்பளிக்கிற மருந்துலயும் இருமல் டானிக்லயும் உள்ள ஆல்கஹால் அதே மாதிரி வாயில தங்கி மீட்டர்ல காட்டும். வாக்குவாதமே வேண்டாம். கண் முன்னால 15 நிமிஷம் உட்கார வைக்கணும். தண்ணி, டீ, பீடி எதுவும் கூடாது. அப்புறம் புதுக் குழாய் மாட்டி ரெண்டாந்தடவை ஊதச் சொல்லணும். அந்த எண்தான் கணக்கு. "டீ குடிச்சிட்டு வா"ன்னு அனுப்பிட்டா சோதனையே கெட்டுப்போகும். கையில சானிடைசர் காயறதுக்குள்ள மீட்டரைத் தொடவும் கூடாது.

பாளை_தொழில்மருத்துவம்:
"குடிச்சிருந்தார்"னு எழுத விடாதீங்க. அது தீர்ப்பு. "காலை 7.10, கொக்கியை மாட்ட மூணு தடவை முயன்றார், சொல் குழறியது, சாராய வாடை" – கண்டதை மட்டும், நேரத்தோட, முடிஞ்சா ரெண்டு பேர் கையெழுத்தோட எழுதணும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் வேர்க்கும், நடுங்கும், நாக்கு குழறும்; அப்போ ஊதவைக்குறதுக்கு முன்னால விரல்ல குத்திச் சர்க்கரை பாருங்க. இதைத் தவறவிட்டா உயிரே போயிரும்.

சிறுநீர்னா, பிடிச்ச 4 நிமிஷத்துக்குள்ள கப்போட சூடு 32 முதல் 38 டிகிரிக்குள்ள இருக்கணும், இல்லைனா மாத்தியிருக்கலாம். பட்டைச் சோதனையில (ஸ்ட்ரிப் டெஸ்ட்) பாசிட்டிவ் வந்தாலும் அது முடிவு இல்ல. கசகசா அரைச்ச குருமாவும் கோடீன் உள்ள இருமல் மருந்தும் அபின் வகையைக் காட்டிரும். ஆய்வகத்துல உறுதி செய்யணும், மருத்துவர் மருந்துச்சீட்டைப் பார்க்கணும். அதுவரைக்கும் சூப்பர்வைசர் யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாது. கஞ்சா சில நாள் கழிச்சும் காட்டும். இப்போ போதையில இருக்கார்னு அதை வச்சுச் சொல்ல முடியாது.

ராதாபுரம்_சேஃப்டி:
ராத்திரி குடிச்சிட்டுக் காலையில "தெளிஞ்சிட்டேன்"னு வர்றவங்களுக்கு?

தலையூத்து_ஷிப்ட்:
100 மில்லி ரத்தத்துல மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறங்கும். ராத்திரி பன்னிரண்டுக்கு 130 இருந்தா காலை ஆறுக்கும் 40 நிக்கும். மோரு, குளியல், காபி எதுவும் அதை வேகமா இறக்காது. பயிற்சியில கரும்பலகையில அவங்களையே கணக்குப் போட வையுங்க. பாசிட்டிவ் ஆனவரோட பைக் சாவியை வாங்கிட்டு, ஒரு ஆளைத் துணைக்குப் போட்டு, கம்பெனி வண்டியில வீட்டுல இறக்குங்க. சைட்டை விட்டுத் தானா பைக்குல போனா அடுத்தது நாற்கரச் சாலைதான்.