மண்டப வேலை தாமதம்: யார் பங்கு எவ்வளவு?

உறவுகளே, வணக்கம்.

நம் சங்க மண்டபத்தின் கட்டட வேலை இழுபடுவதற்கு ஒப்பந்தக்காரரே காரணம் என்கிறார்கள் சிலர். காசு அனுப்பப் பிந்திய நாமே காரணம் என்கிறார்கள் சிலர். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். நாள் கணக்குப் பார்க்காமல் யார் மீதும் பழி போடுவது நியாயமில்லை.

எந்த வேலை பிந்தினால் முடிவுத் திகதியே தள்ளிப்போகும் என்று முதலில் பாருங்கள். கூரை ஏறாத கட்டடத்துக்குக் கதவு நிலை இரண்டு கிழமை பிந்தி வந்தாலும் பாதிப்பில்லை. மண் சரியாமல் தாங்கி நிற்கும் தாங்குமதிலின் அத்திவாரம் பிந்தினால் எல்லாமே பிந்தும்.

உதாரணத்துக்கு, அத்திவாரம் ஜூன் 1 தொடங்க வேண்டும் என்று வையுங்கள். அதற்குள் மண் வெட்டி முடிப்பது ஒப்பந்தக்காரர் பொறுப்பு, மதில் வரைபடம் கொடுப்பது நம் பொறுப்பு. பெக்கோ (மண்வெட்டும் இயந்திரம்) பழுதாகி மண்வெட்டு ஜூன் 10இல் முடிகிறது. வரைபடம் 20இல்தான் கைக்கு வருகிறது. வேலை 21இல் தொடங்குகிறது. மொத்தம் 20 நாள் தாமதம். முதல் 10 நாளில் வரைபடம் இருந்திருந்தாலும் அத்திவாரம் போட்டிருக்க முடியாது, மண் வெட்டியிருந்தாலும் முடியாது. அது இரு பக்கத்துக்கும் பொது. பின் 10 நாள் முழுக்க நம்முடையது.

இப்படி இரு பக்கத் தாமதமும் ஒன்றாக வந்தால், இங்கிலாந்தில் 1999 மால்மேசன் கட்டட ஒப்பந்த வழக்கிலிருந்து வந்த வழிப்படி ஒப்பந்தக்காரருக்கு 20 நாளும் கால நீடிப்புக் கொடுக்க வேண்டும்; அந்த நாட்களுக்குத் தாமத நட்டஈடு அறவிட முடியாது. ஆள்கூலி, இயந்திர வாடகை போன்ற அவருடைய மேலதிகச் செலவை மட்டும் பின் 10 நாளுக்கே கொடுக்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் 2010 சிட்டி இன் வழக்கில் தாமதப் பொறுப்பையே இரு பக்கத்துக்கும் பங்கிட்டார்கள். நம்மைப் போன்ற சிறிய சங்கத்துக்கு முதல் வழிதான் நல்லது. பங்கு வீதத்தைப் பேசித் தீர்ப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும். பல நாடுகளில் பயன்படும் ஃபிடிக் 2017 மாதிரி ஒப்பந்தமே இந்த விதியை, இரு தரப்பும் தாங்களே எழுதிச் சேர்க்கும் விசேட நிபந்தனைகளுக்கு விட்டிருக்கிறது. ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் நாமே எழுதிவிட வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வரும் என்பது ஒப்பந்தக்காரருக்கு விலை குறிக்கும்போதே தெரியும். வழக்கமான மழைக்கு நாள் கேட்க முடியாது. அசாதாரண மழை என்றால் பொதுவாக நாள் உண்டு, காசு இல்லை. தள நாட்குறிப்பில் 'மழை' என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை மணிக்கு எந்த வேலை நின்றது, எத்தனை பேர் சும்மா இருந்தார்கள் என்றும் வேண்டும்.

இலங்கைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதியையும் தோட்ட நிர்வாகத்தின் காணிச் சம்மதத்தையும் எடுப்பது, ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால், நம் தலையில்தான்.

பொருளாளரே, நாம் வரைபடம் ஒப்படைத்த திகதிகளையும் பணத் திகதிகளையும் நாட்குறிப்போடு ஒரே தாளில் வரிசைப்படுத்தி அனுப்புங்கள். நாம் பணம் அனுப்பிய திகதி அல்ல, ஒப்பந்தக்காரர் கணக்கில் ஏறிய திகதிதான் வேண்டும்.