மஸ்கட்டில் பாதி ஸ்கூபா முடித்தேன், மீதியை சென்னை லீவில் முடிக்கலாமா?

பட்டினப்பாக்கத்துக்காரி:
பிறந்து வளர்ந்தது பட்டினப்பாக்கம். மொட்டை மாடிக்கு ஏறினால் கடல்தான். ஆனாலும் முப்பது வயது வரை முட்டிக்கு மேல் இறங்கியதில்லை, அம்மா விட்டால்தானே! மஸ்கட்டுக்குக் கணக்கு வேலைக்குப் போன பிறகுதான் நீச்சலே கற்றேன். போன மாதம் ஸ்கூபாவின் முதல் படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸில் சேர்ந்தேன். சர்டிபிகேட் தரும் அமைப்பின் பெயர் பாடி (PADI). போனில் அம்மாவிடம் "பாடி சர்டிபிகேட் வாங்கப் போறேன்" என்றதற்கு, "லூகாஸ் டிவிஎஸ் பக்கமா?" என்று கேட்டார். அவருக்குப் பாடி என்றால் சென்னையில் அந்தத் தொழிற்சாலை இருக்கும் இடம்தான்.

பாடமும் நீச்சல் குளப் பயிற்சியும் முடிந்துவிட்டன. 200 மீட்டர் நீச்சல், 10 நிமிட மிதப்பு எல்லாம் சரி. தண்ணீருக்குள் கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கைக் கழற்றி மறுபடி மாட்டுவதுதான் ஆகவில்லை. மூன்று முறை மூக்கில் தண்ணீர் ஏறி, பயந்து மேலே பாய்ந்தேன். நான்காவது முறை எப்படியோ மாட்டிவிட்டேன், மாஸ்டரும் டிக் போட்டுவிட்டார். இன்னொரு கூத்து: அவர் கையால் 'ஓகேவா?' என்று கேட்டால் நான் நம்ம ஊர் வழக்கப்படி தலையை ஆட்டுவேன். ஆமாவா இல்லையா என்று அவருக்குப் புரியாது. ஒருமுறை சூப்பர் என்று கட்டைவிரலைக் காட்டினேன், டைவிங்கில் அதற்கு 'மேலே போவோம்' என்று அர்த்தமாம், உடனே என்னை மேலே கூட்டிப்போய்விட்டார்.

கடலில் 4 டைவ் பாக்கி. நவம்பரில் சென்னைக்கு வருகிறேன். பாண்டிச்சேரியில் முடித்துவிடலாம் என்கிறான் தம்பி. கடைசி வெள்ளி, சனி டைவ் செய்துவிட்டு ஞாயிறு விடியற்காலை 4 மணிக்கு ஃப்ளைட் ஏறுவதாகத் திட்டம். சைனஸ் உண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா?

அடையாறு மணி:
நானும் உங்களைப் போலத்தான். சிங்கப்பூரில் குளம், பாண்டிச்சேரியில் கடல். பாடமும் குளமும் முடித்ததற்கு அங்கிருந்து ரெஃபரல் தாள் வாங்கி வந்தால் மீதியை இங்கே செய்யலாம். குளப் பயிற்சி முடிந்து 12 மாதம் வரை செல்லும், அதனால் அவசரமே இல்லை.

ஆனால் அந்த ஃப்ளைட் கணக்கு தப்பு. சனி மதியம் 1 மணிக்குத் தண்ணீரிலிருந்து ஏறினால் ஞாயிறு 4 மணிக்கு 15 மணி நேரம்தான் ஆகியிருக்கும். பல டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் கோலி சோடா மாதிரி குமிழியாகிவிடும். நான் ஒரு நாள் முழுக்க விட்டேன், பீச்சில் சுண்டல் தின்று பொழுது போனது.

காசிமேடு தம்பி:
அக்கா, நவம்பர் என்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை. எங்க அப்பா நாற்பது வருஷமா கடலுக்குப் போறவர், அந்த மாசத்தில் பாதி நாள் வலையை மடிச்சு வெச்சுட்டு வீட்டில் இருப்பார். மழைத் தண்ணீர் ஆற்று வழியா வந்து சேர்ந்தா கடல் ஒரே கலங்கல், கை நீட்டினா விரல் தெரியாது. புயல் சின்னம்னு அறிவிப்பு வந்தா படகே விட மாட்டாங்க. லீவும் போயிடும். பாண்டியும் அதே கரைதான்.

ஆழி:
தோழி, நவம்பரில் மஸ்கட்டில் கடல் தெளிவாக இருக்கும்போது இங்கே கலங்கலில் இறங்குவானேன்? டைமானியாத் தீவுகள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அழுங்காமைகள் முட்டையிடும் இடம். முதல் டைவில் எதையாவது பார்க்க வேண்டாமா?

ஆனால் என் கவலை மாஸ்க்தான். குளத்தில் மேலே பாய்ந்தீர்கள், பிழைத்தீர்கள். கடலில் அந்தப் பழக்கம் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் தாங்காது. டிக் போட்டாயிற்று என்று விடாதீர்கள். மறுபடி ஒரு நாள் குளம் கேளுங்கள். கூடுதல் காசு கேட்டாலும் கொடுங்கள்.

அதுவரை வீட்டிலேயே ஒரு வேலை செய்யுங்கள். பெரிய பக்கெட் நிறையத் தண்ணீர், வாயில் ஸ்நார்க்கெல் என்ற மூச்சுக் குழாய், மாஸ்க் வேண்டாம். முகத்தை உள்ளே விட்டு வாயால் மட்டும் மூச்சு. முதலில் மூக்கு தானாக உறிஞ்சப் பார்க்கும், தும்முவீர்கள். உள்ளிழுப்பது வாயால், வெளிவிடும்போது மூக்கால் கொஞ்சம். பத்து மூச்சு, அப்புறம் முப்பது. எனக்கு ஒரு வாரம் ஆனது. வீட்டில் யாராவது இருக்கும்போது செய்யுங்கள். அது பழகினால் மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்தி, கொஞ்சம் அண்ணாந்து, மூக்கால் ஊதுவது ஒன்றுமே இல்லை.

சைனஸ் மாத்திரை வேண்டாம். அதன் வேகம் அடியில் இருக்கும்போது தணிந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழி இல்லாமல் வலி பின்னிவிடும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்காதீர்கள். கோர்ஸ் மருத்துவப் படிவத்தில் சைனஸை மறைக்காமல் எழுதி, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள். இறங்கும்போது காது அடைக்காமல் இருக்க, தலை முங்குவதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊத ஆரம்பியுங்கள். வலித்த பிறகு ஊதினால் காது திறக்காது, மேலே ஏறி மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

தலையாட்டலுக்கு என்னிடம் மருந்து இல்லை. எனக்கும் இன்னும் போகவில்லை.

பட்டினப்பாக்கத்துக்காரி:
எல்லாருக்கும் நன்றி. பாண்டிச்சேரி ரத்து, தம்பிக்குத்தான் வருத்தம். டிசம்பரில் மஸ்கட்டில் இன்னொரு நாள் குளம், அப்புறம் கடல். ஒரு வாரம் முன்னாடியே சென்னை வந்துவிட்டேன். நேற்று ராத்திரி பாத்ரூமில் பக்கெட்டை வைத்து ஆரம்பித்தேன். ஏழாவது மூச்சில் அம்மா கதவைத் தட்டி, "மெட்ரோ தண்ணி நாளைக்கு வராது, என்னடி பண்றே உள்ளே?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஸ்நார்க்கெல் நழுவி மூக்கு, வாய், தொண்டை எல்லாம் தண்ணீர். இன்றைக்குப் பதினொன்று வரை போயிருக்கிறேன்.