வெளிறிப்போன சிவப்பு மாருதி 800: பாலிஷ் போதுமா, பெயின்ட் அடித்தே தீர வேண்டுமா?

வேப்பமரத்தடி:
அனைவருக்கும் வணக்கம். அப்பா 1998-இல் வாங்கிய சிவப்பு மாருதி 800, மதுரை வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் ஏழு ஆண்டுகள் உறைகூட இல்லாமல் நின்றுவிட்டது. என்ஜின் வேலையெல்லாம் முடித்து, இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. கதவுகளின் கீழ்ப்பகுதியில் பழைய சிவப்பு அப்படியே இருக்க, பானெட்டும் கூரையும் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் ரோஸ் நிறத்துக்கு வெளிறிவிட்டன. விரலால் தேய்த்தால் நுனியில் பொடி ஒட்டுகிறது. காக்கை எச்சம் காய்ந்த இடங்களில் வட்ட வட்டமாகத் தழும்புகளும் உண்டு. ஒரு பட்டறையில் முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார்கள். இன்னொரு பட்டறையில் ஒரு மணி நேரத்தில் ரப்பிங் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்றார்கள். கம்பெனியில் அடித்த அந்த முதல் பெயின்ட்டை முடிந்தவரை காப்பாற்ற விரும்புகிறேன். டிஏ பாலிஷர் (சுழன்றுகொண்டே அசைந்து, பெயின்ட்டை மென்மையாகத் தேய்க்கும் இயந்திரம்) ஒன்று வாங்கி நானே செய்யலாமா?

ஈரத்துணி:
செய்யலாம். ஆனால் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன், உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகைப் பெயின்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள். டிக்கி மூடிக்குப் பக்கத்தில் கண்ணில் படாத ஓர் இடத்தில், வெள்ளைத் துணியில் சிறிதளவு பாலிஷ் எடுத்துக் கையால் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு இறங்கினால் அது கிளியர் கோட் (நிறத்தின்மேல் அடிக்கும் நிறமற்ற காப்படுக்கு) இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட். அப்படியானால் வெயிலில் பொரிந்தது மேற்பரப்பு மட்டும்தான். அதை மெல்லியதாக எடுத்துவிட்டால் அடியில் உயிருள்ள சிவப்பு இருக்கும். கிளியர் கோட் உள்ள வண்டிகளில், அந்த மேலடுக்கு வெள்ளைத் திட்டுகளாகித் தோல்போல் உரியத் தொடங்கிவிட்டால், எந்த பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டுவராது.

அடுத்து, பெயின்ட் தடிமனை அளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள். கம்பெனிப் பெயின்ட் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பொதுவாக 100 மைக்ரானை ஒட்டித்தான், அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்தான், இருக்கும். கதவைத் திறந்து உள்விளிம்பில் வெயில் படாத இடத்தில் ஒரு முறையும், கூரையில் பல இடங்களிலும் அளந்து ஒப்பிட்டால், இதுவரை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரே அச்சில் சுழன்று கடுமையாகத் தேய்க்கும் ரோட்டரி இயந்திரத்தில் கம்பளி பேட் மாட்டி, என் நீல நிற வண்டியின் கதவில் ஓடும் மடிப்புக்கோட்டின்மேல் சில நொடிகள் கூடுதலாக வைத்துவிட்டேன். நூல் பிரிந்ததுபோல், நிறத்துக்கு அடியில் இருக்கும் சாம்பல் நிற பிரைமர் வெளியே வந்தது. அந்தக் கதவு முழுவதற்கும் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ட் எப்போதும் மெலிந்தே இருக்கும். அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் தொடங்காதீர்கள்.

நன்றாகக் கழுவி, வழுக்கும் திரவம் தெளித்து, வண்டிகளுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) ஒட்டுக்கறைகளை எடுத்த பிறகு, எண்ணெய்ப்பசை மிகுந்த கிளேஸ் (பளபளப்பூட்டும் பூச்சு) ஒன்றைத் தாராளமாகப் பூசி ஓர் இரவு ஊற விடுங்கள். காய்ந்துபோன ஒற்றை அடுக்குப் பெயின்ட் அதை உறிஞ்சிக்கொண்டு ஆழ்ந்த நிறம் காட்டும். பிறகு ஒன்றரை அடிச் சதுரத்தில் மட்டும், மென்மையான ஃபோம் பேடும் மிக மெல்லிய பாலிஷும் கொண்டு சோதனை செய்யுங்கள். அது போதவில்லை என்றால்தான், பாலிஷைவிடக் கூடுதலாகத் தேய்க்கும் பசையான காம்பவுண்டுக்குப் போக வேண்டும். மதுரை வெயிலில் பாலிஷும் காம்பவுண்டும் நொடியில் காய்ந்துவிடும் என்பதால், தகடு கையில் சுடாத விடியற்காலையில், நிழலில் செய்யுங்கள்.

பட்டறை முதலாளி:
இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மேலே நண்பர் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. இவ்வளவு பொரிந்த பானெட்டில் டிஏவும் ஃபோம் பேடும் மட்டும் என்றால் நாள் முழுவதும் போகும். பழகிய கை என்றால், ரோட்டரியைக் குறைந்த வேகத்தில் வைத்துக் கம்பளி பேடால் ஒரு சுற்று எடுத்துவிட்டு, டிஏவால் முடிப்பதே நல்லது. நீங்கள் முதன்முறையாகச் செய்வதால் டிஏவோடு நில்லுங்கள். நேரம் போனாலும் பெயின்ட் மிஞ்சும்.

ஒரு மணி நேர ரப்பிங் பாலிஷை நம்ப வேண்டாம். அதில் உள்ள எண்ணெயும் நிரப்புப் பொருளும் கீறல்களை மறைத்துவிடும். நான்கு முறை கழுவினால் அத்தனையும் மீண்டும் தெரியும். நீங்களே செய்யும்போதும், ஒவ்வொரு பகுதியையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்துவிட்டுப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான பளபளப்பு. எச்சத்தின் அமிலம் குழியாக அரித்த தழும்புகளை முழுதாக எடுக்க முயலாதீர்கள். குழியின் அடிவரை சுற்றியுள்ள பெயின்ட்டையும் இறக்க வேண்டியிருக்கும்.

வேப்பமரத்தடி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. துணியில் சிவப்பு இறங்கியது. கதவின் உள்விளிம்பில் 96 மைக்ரான், பானெட்டில் 80 முதல் 85 வரை, கூரையில் 65 என்று கருவி காட்டுகிறது. கூரையின் பின்மூலை ஒன்றில் 48தான். இடப்பக்க முன் ஃபெண்டரில் மட்டும் 210 காட்டுகிறது. கிளேஸ் ஊறிய மறுநாள் பானெட்டில் ஒரு சதுரம் செய்து பார்த்தேன். இரண்டாவது முறை ஓட்டும்போதே வெள்ளை பேட் குங்குமம் அப்பியதுபோல் சிவந்துவிட்டது. துடைத்துப் பார்த்தால், அந்தச் சதுரத்துக்குள் வேப்பங்கிளையின் பிம்பம் இலை இலையாகத் தெரிகிறது; டேப்புக்கு அந்தப் பக்கம் பழைய சுண்ணாம்புதான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சற்று நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். கூரையை என்ன செய்வது?

ஈரத்துணி:
படித்ததும் மிகவும் மகிழ்ந்தேன். 210 காட்டும் ஃபெண்டர் எப்போதோ அடிபட்டு மறுபடியும் பெயின்ட் அடிக்கப்பட்டது. அதன்மேல் கிளியர் கோட் இருக்கக்கூடும் என்பதால் அங்கே துணிச் சோதனையைத் தனியாகச் செய்யுங்கள். கூரையில் மெல்லிய பாலிஷால் ஒரே ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். 48 காட்டும் மூலையில் இயந்திரமே வேண்டாம். கையால் கிளேஸும் வேக்ஸும் மட்டும் போதும். அந்த மூலை சற்று மங்கலாகவே இருக்கட்டும். பேடை ஒவ்வொரு சதுரத்துக்குப் பின்னும் சுத்தம் செய்யுங்கள்; அடைத்துக்கொண்ட பேட் சூடேறிப் புதுக் கீறல்களைப் போடும்.

இந்தப் பெயின்ட்டுக்கு மேலே காப்படுக்கு எதுவும் இல்லை என்பதால், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை வேக்ஸ் பூசியாக வேண்டும். காலையில் வந்து காய்ந்த துணியால் தூசி தட்டுபவர் யாரேனும் இருந்தால், அன்போடு சொல்லி நிறுத்திவிடுங்கள். சுழல் கீறல்களில் பெரும்பாலானவை அந்தத் துணியிலிருந்தே வருகின்றன. உறை வாங்கினால், கழுவி உலர்ந்த வண்டிமேல் மட்டும் போடுங்கள். தூசியின்மேல் போட்ட உறை, காற்றில் அசையும்போதெல்லாம் உப்புத்தாள்போலத் தேய்க்கும்.