‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்றால் எந்த வெள்ளிக்கிழமை? கிழமைக்கு முன்னால் ‘ஆன்’ எப்போது வரும்?

பனியன் ஊர்க்காரன் (கேள்வி)

வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. பையருக்கு, அதாவது எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, மெயில் போடுவதுதான் பாதி வேலை. தமிழ் மீடியத்தில் படித்தவன். டென்ஸ் எல்லாம் ஓரளவு சமாளித்துவிடுவேன், கிழமையில் போய் மாட்டிக்கொண்டேன்.

போன வாரம், 2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்து பையருக்கு ‘வீ வில் டிஸ்பாட்ச் த சாம்பிள்ஸ் ஆன் நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்று எழுதினேன். என் மனதில் இருந்தது 22ஆம் தேதி. 15 சுதந்திர தினம், கம்பெனியே லீவு, அன்றைக்கு யார் சாம்பிள் அனுப்புவார்கள்? ஆனால் நேற்று, 18ஆம் தேதி காலையில், ‘கூரியர் நம்பர் எங்கே?’ என்று மெயில் வந்து நிற்கிறது. அவர்கள் 15 என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேனேஜர் மெயிலைப் பார்த்துவிட்டு, “முதல்ல அந்த ‘ஆன்’ஐ எடு” என்றார். ஏன் என்று கேட்டால் “அது அப்படித்தான்” என்கிறார். ‘ஆன் மண்டே’ சரியாம், ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ தப்பாம். யாராவது விளக்குங்களேன்.

பழைய வாத்தியார்

தம்பி, பள்ளிக்கூடத்தில் நான் சொல்லிக்கொடுத்த வழி இது. தமிழில் கிழமையோடு ‘அன்று’ சேர்த்துப் பாருங்கள். ‘கூட்டம் திங்களன்று நடக்கும்’ என்று சொல்ல முடிகிறதா? அப்படியானால் ‘ஆன் மண்டே’. ‘இன்று திங்கட்கிழமை’ என்பதில் ‘அன்று’ ஒட்டாது, அதனால் ‘டுடே இஸ் மண்டே’. நடுவில் ‘ஆன்’ கிடையாது. காலை, மாலை சேர்ந்தாலும் கிழமைதான் ஜெயிக்கும்: ‘இன் த மார்னிங்’, ஆனால் ‘ஆன் மண்டே மார்னிங்’.

நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி இந்த நாலில் ஒன்று முன்னால் வந்தால் ‘ஆன்’ விழுந்துவிடும். உங்கள் மேனேஜர் சொன்னது சரி.

குறுக்குக் கேள்வி

சார், ‘அடுத்த வெள்ளியன்று’ என்றும் சொல்கிறோமே? அங்கேயும் ‘அன்று’ நன்றாக ஒட்டுகிறது. உங்கள் வழிப்படி பார்த்தால் ‘ஆன் நெக்ஸ்ட் ஃப்ரைடே’ சரியாகிவிடுமே.

பழைய வாத்தியார்

பிடித்துவிட்டீர்கள். இருபது வருஷமாக ஒரு பையனும் இதைக் கேட்கவில்லை!

இப்படிப் பாருங்கள். ‘நாளை அன்று’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஆன் டுமாரோ’வும் கிடையாது. இன்றிலிருந்து எண்ணும் சொல் அது, தன்னாலேயே நிற்கும். ஆங்கிலத்துக்கு ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’யும் டுமாரோ மாதிரியேதான். இன்றைய இடத்திலிருந்து பார்க்கிற சொல், அதனால் தாங்கல் வேண்டாம். வெறும் ‘ஃப்ரைடே’ பெயர்ச்சொல், அதற்கு ‘ஆன்’ வேண்டும். அமெரிக்கர்கள் அதையும் விட்டுவிட்டு ‘ஐ வில் கால் யூ மண்டே’ என்று எழுதுவார்கள். அங்கே அது பிழையல்ல. உங்கள் பையர் இங்கிலாந்து, ஆகவே போடுங்கள்.

லண்டன் அக்கா

‘ஆன்’ சின்ன விஷயம் தம்பி. உங்களைக் கவிழ்த்தது ‘நெக்ஸ்ட்’. நாம் ‘வர்ற வெள்ளி’, ‘அடுத்த வெள்ளி’ என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம், அதனால் நெக்ஸ்ட் என்றால் ‘அடுத்த’ என்று எழுதிவிடுகிறோம். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அது தகராறுதான். ஒருத்தருக்கு முதலில் வருகிற வெள்ளி, இன்னொருத்தருக்கு அதற்கு அடுத்த வாரத்து வெள்ளி. வயதானவர்கள் ‘ஃப்ரைடே வீக்’ என்பார்கள், வர்ற வெள்ளியிலிருந்து ஒரு வாரம் தள்ளி என்று அர்த்தம். முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வியாபார மெயிலில் கிழமையும் தேதியும் சேர்த்தே எழுதுங்கள்: ‘ஆன் ஃப்ரைடே, 22 ஆகஸ்ட்’. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், எண்ணில் வேண்டாம். அமெரிக்க பையர் கிடைத்தால் 9/10 என்பது செப்டம்பர் 10 ஆகிவிடும்.

இன்னொன்று, ‘ஆன் மண்டே இட்செல்ஃப்’. நம் ஊர் மெயில் எல்லாவற்றிலும் பார்க்கிறேன். ‘திங்கட்கிழமையே அனுப்பிட்டோம்’ என்பதில் வருகிற ஏகாரம்தான் அந்த இட்செல்ஃப். இங்கே படிப்பவர்களுக்கு அது எதற்கு என்றே தெரியாது.

பனியன் ஊர்க்காரன்

அய்யோ, இட்செல்ஃப் போடாமல் நான் மெயிலே போட்டதில்லை அக்கா. அப்புறம் ‘வெள்ளிக்குள்’ என்பதற்கு ‘டில் ஃப்ரைடே’ சரிதானே?

பழைய வாத்தியார்

இல்லை. ‘வீ வில் சென்ட் டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமை வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள் என்று ஆகிவிடும். ‘குள்’ வந்தால் ‘பை’, ‘வரை’ வந்தால் ‘டில்’. இந்தச் சூத்திரத்துக்கு ஓட்டை இல்லை என்று நினைக்கிறேன். குறுக்குக் கேள்விக்காரர் பார்த்துச் சொல்லட்டும்.

ராத்திரி வண்டி

இங்கிலீஷ் சந்தேகம் இல்லை, ஆனால் கிழமை என்றதும் நினைவு வந்தது. என் மாமாவிடம் செவ்வாய்க்கிழமை 00.15 மணி ரயிலுக்கு டிக்கெட் இருந்தது. செவ்வாய் ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பெட்டியும் முறுக்கு டப்பாவுமாக ஸ்டேஷனுக்குப் போய் நின்றார். வண்டி முந்தின ராத்திரியே போய்விட்டது. நமக்குப் பொழுது விடிந்தால்தான் கிழமை மாறும். டிக்கெட்டில் நடுராத்திரியே மாறிவிடுகிறது.

பனியன் ஊர்க்காரன்

நன்றி எல்லாருக்கும். இப்போது இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: ‘த சாம்பிள்ஸ் வில் லீவ் ஹியர் ஆன் ஃப்ரைடே, 22 ஆகஸ்ட், அண்ட் ஷுட் ரீச் யூ பை மண்டே, 25 ஆகஸ்ட்.’

லண்டன் அக்கா

இங்கிலீஷ் சரி, நாள் சரியில்லை. இங்கிலாந்தில் ஆகஸ்டின் கடைசி திங்கள் பேங்க் ஹாலிடே. 25ஆம் தேதி ஆபீஸ் பூட்டியிருக்கும். உங்கள் ஆகஸ்ட் 15 அவர்களுக்குத் தெரியாத மாதிரிதான் இதுவும். புதன், 27 என்று போடுங்கள்.

பழைய வாத்தியார்

போடும்போது வெட்னெஸ்டேயில் ‘டி’யை விட்டுவிடாதீர்கள். உச்சரிப்பு ‘வென்ஸ்டே’தான், ஆனால் அது வோடன் என்ற பழைய தெய்வத்தின் நாள், அந்த டி அவருடையது. ரோமர்கள் புதன் கிரகத்தின் பெயரில் மெர்க்குரி என்ற தங்கள் தெய்வத்துக்குக் கொடுத்த நாளை ஆங்கிலேயர்கள் வோடனுக்கு மாற்றிக்கொண்டார்கள். சிறப்புப் பெயர் என்பதால் வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் முதல் எழுத்து பெரிய எழுத்துதான்.

பனியன் ஊர்க்காரன்

‘டி’ போட்டு அனுப்பிவிட்டேன் சார். 27 இங்கே விநாயகர் சதுர்த்தி, நான் லீவு. அதனால் கூரியர் நம்பரை 22ஆம் தேதி சாயங்காலமே அனுப்பிவிடுகிறேன். இட்செல்ஃப் இல்லாமல்.