கியர் இல்லாத சைக்கிள் வாங்க வேண்டும், யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வேலைக்குப் போகவர தினமும் 14 கிலோமீட்டர் மிதிக்கிறேன். பெரும்பாலும் சமதரை, நடுவில் ஒரே ஒரு மேம்பாலம். இப்போது இருப்பது பழைய கியர் சைக்கிள். போன வாரம் சிக்னலில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் பல்லை விட்டுக் குதித்து, முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்து வீங்கிவிட்டது. அதனால்தான் சிங்கிள் ஸ்பீடுக்கு, அதாவது கியர் மாற்றும் வசதி இல்லாத சைக்கிளுக்கு, மாற நினைக்கிறேன். பட்ஜெட் குறைவு.

இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஸ்டீல் ஃபிரேம், முன் பல்சக்கரத்தில் 46 பல், பின்னால் 16. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் கிட்டத்தட்ட 2.9 சுற்று. சமதரைக்குச் சரி, மேம்பாலத்தில் மூச்சு வாங்குமே! பின்னால் 18 பல் ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தை உருளவிடும் பல்சக்கரம்) போட்டால் 2.56க்கு இறங்கும். இந்த மாற்றம் செய்தவர்கள் இருக்கிறீர்களா? பழைய செயினே எட்டியதா?

இன்னொன்று அலுமினியம். தூக்கிப் பார்த்தேன், நல்ல லேசு. ஆனால் 28 மி.மீ. டயருக்கு மேல் நுழையாது, மட்கார்டு மாட்டத் துளையும் இல்லை. குண்டும் குழியுமான ரோட்டுக்குக் குறைந்தது 32 மி.மீ. டயர் வேண்டும் என்பது என் எண்ணம். மனசு ஸ்டீல் பக்கம்தான் சாய்கிறது.

ஃபிக்ஸட் (சக்கரம் உருளும்வரை பெடலும் கூடவே சுற்றும் வகை) வேண்டாம், பிரேக் இரண்டும் கட்டாயம் வேண்டும். அப்புறம் முக்கியமான கேள்வி: விலை குறைந்த சைக்கிள்களில் முதலில் பழுதாவது எது? பின் ஹப்பா (சக்கரத்தின் நடுப்பகுதி), பெடல் அச்சா, ஸ்போக்கா? தினமும் ஓட்டுபவர்கள் சொன்னால், கடையில் அதை முதலில் ஆட்டிப் பார்த்து வாங்குவேன்.